முடித்தவர் கணக்கு, கற்றவர் கணக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியாளர்களுக்கான இணையவழிப் பயிற்சி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பாடத்தை முடித்தோரின் விழுக்காட்டையே வெற்றியாகக் காட்டியிருந்தது. கடைசித் திரை வரை எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. வீடியோவை ஒரு பக்கம் ஓடவிட்டு மின்னஞ்சல் பார்த்தவரும் அதில் சேர்த்தி.

மென்பொருளிலும் இந்தக் குழப்பம் உண்டு. இணையவழிப் பாடத்தைப் பயிற்சித் தளத்தில் ஏற்றவும், யார் எதுவரை படித்தார் என்று பதியவும் பயன்படும் பொது வடிவம் ஸ்கார்ம். 2001-இல் வந்து இன்றும் புழங்கும் ஸ்கார்ம் 1.2-இல் 'முடித்தார்', 'தேர்ச்சி பெற்றார்' இரண்டுக்கும் ஒரே இடம்தான். ஒன்றைப் பதிந்தால் மற்றது தெரியாது. ஸ்கார்ம் 2004 இரண்டையும் பிரித்தது. அறிக்கையை நம்புமுன், பாடம் எந்த வடிவத்தில் ஏற்றப்பட்டது என்று கேட்பது நல்லது.

பாடம் தயாரான பிறகு அளவீட்டைப் பற்றி யோசிப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. இறுதித் தேர்வைத்தான் முதலில் எழுத வேண்டும். 'தீயணைப்பான் பற்றி அறிந்துகொள்வார்' என்ற நோக்கத்தை எதைக் கொண்டு அளப்பது? 'மின்பலகையில் தீப்பிடித்தால் தண்ணீர் உருளையைத் தவிர்த்துக் கரியமில வாயு உருளையை எடுப்பார். உருளையின் பாதுகாப்பு ஊசியை உருவி, தீயின் அடிப்பகுதியை நோக்கிப் பீய்ச்சுவார்' என்று எழுதினால் அளக்கலாம். தீயணைப்பானின் வரலாறு போன்ற பக்கங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். திரையில் எது முடியாது என்பதும் விளங்கும். எந்த உருளை என்ற முடிவைத் திரையில் பழக்கலாம்; ஊசியை உருவும் வேகம் உருளையைக் கையில் தூக்கினால்தான் வரும்.

தேர்வில் வைக்கும் தவறான விடைகளைக் கற்பனையில் உருவாக்க வேண்டாம். ஆட்கள் நிஜமாகச் செய்யும் தவறுகளைக் கேட்டுச் சேகரியுங்கள். கரியமில வாயு உருளையில் வாயு வெளிவரும் கூம்பைக் கையால் பிடிப்பது அப்படி ஒன்று. வாயுவின் கடுங்குளிரில் தோல் புண்ணாகும். சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருந்தால், பாடம் படிக்காதவரும் அதைக் கண்டுபிடித்துவிடுவார். தேர்வு முடிந்ததும் அதிக மதிப்பெண் பெற்ற மூன்றில் ஒரு பங்கினரையும் குறைவாகப் பெற்ற மூன்றில் ஒரு பங்கினரையும் ஒப்பிடுங்கள். இரு சாராரும் ஒரே அளவில் சரியாகச் சொல்லும் கேள்வி கற்றவரைப் பிரித்துக் காட்டவில்லை என்று பொருள். கீழ்ப்பங்கினர் அதிகம் சரியாகச் சொன்னால் கேள்வியிலோ விடைக்குறிப்பிலோ பிழை இருக்கிறது. முன்தேர்வும் அவசியம். வரும்போதே 80 மதிப்பெண் எடுத்தவர் முடிவில் 85 எடுத்தால், அதில் பாடத்தின் பங்கு ஐந்துதான்.

வீடியோ நீளம் பற்றி ஒரு சொல். எடெக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் சுமார் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஆறு நிமிடத்துக்குள் முடிந்த வீடியோக்களிலேயே கவனம் அதிகம் நிலைத்தது. ஆனால் பார்த்தது வேறு, கற்றது வேறு. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு சூழலைக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்வதில்தான் பயன்.

மறதி விரைவாக வரும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டிவிட்டார். அதனால் பாடம் முடிந்த அன்று வாங்கும் மதிப்பெண்ணை நம்பக் கூடாது. இரண்டாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து மும்மூன்று கேள்விகள் அனுப்புங்கள். அது அளவீடு மட்டுமல்ல. நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் முயற்சியே நினைவை உறுதியாக்கும்.

பயிற்சியை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதிய நான்கு நிலைகள் இத்துறையில் எல்லோருக்கும் தெரியும்: கற்றவரின் கருத்து, கற்றது, வேலையில் நடத்தை, நிறுவனத்துக்குக் கிடைத்த விளைவு. பெரும்பாலும் முதல் நிலையோடு நின்றுவிடுகிறார்கள், 'பயிற்சி பிடித்திருந்ததா?' என்ற கேள்விக்கு வரும் நட்சத்திரங்கள் அறிக்கையாகிவிடுகின்றன. மூன்றாம் நிலைக்குப் பெரிய செலவு ஆகாது. அறுபது நாள் கழித்து ஐந்தாறு செயல்கள் கொண்ட பட்டியலை வைத்து மேற்பார்வையாளர் நேரில் பார்த்துக் குறித்தால் போதும். ஆட்களை இரு அணியாகப் பிரித்து இரண்டாம் அணிக்கு இரண்டு மாதம் தள்ளிப் பயிற்சி தந்தால், அதுவரை அவர்களே ஒப்பீட்டுக்கு உதவுவார்கள்.

தேர்வில் மதிப்பெண் உயர்ந்தும் வேலையில் மாற்றம் இல்லையென்றால் பாடத்தைத் திருத்திப் பயனில்லை. உருளை இருக்கும் அலமாரி பூட்டிக் கிடக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

இப்படிக்கு,
பயிற்சி வடிவமைப்பாளர் ஒருவர்