முகநூல் பக்கம் மட்டும் போதும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் சிறுவியாபாரம் செய்யும் நம் பெண்களுக்கென்று அங்கங்கே நடக்கும் பயிற்சி வகுப்புகளில் ஒரே பல்லவியைத்தான் கேட்கிறேன். "அகப்பக்கம் எல்லாம் எதற்கு? முகநூலில் ஒரு பக்கம் திறந்து, டிக்டாக்கில் நாலு காணொளி போட்டால் போதும்." நான் பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே மசாலாத்தூள் அரைத்து விற்பவள். மீன் கறித்தூள், இறைச்சிக் கறித்தூள், ரசப்பொடி. கூடவே பினாங்குத் தமிழ் வீடுகளின் சமையலைப் பற்றி ஒரு வலைப்பூவும் எழுதுகிறேன். தூள் விற்பதும் அந்தத் தளத்தில்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்த அறிவுரை நம்மவர்களுக்கு நல்லதல்ல. சமூக ஊடகம் வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. அது இல்லாவிட்டால் என் தளத்துக்கு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. ஆனால் அங்கே நம்மைப் பார்ப்பவரை நம் சொந்தத் தளத்துக்கு எப்படி வரவைப்பது என்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடைத்தெருவைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு 2000-ஆம் ஆண்டு மறந்திருக்காது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் ரத்து செய்து, கொடுத்த அவகாசமும் முடிந்து, அந்த ஜனவரி முதல் வாடகையைக் கட்டட உரிமையாளரே நிர்ணயிக்கலாம் என்று ஆனது. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். என் மாமனார் கடையும் அதில் ஒன்று. பற்று எழுதும் பேரேட்டில் வாடிக்கையாளர் பெயரும் முகவரியும் இருந்ததால்தான் அவரால் பிறைப் பக்கம் போய் மறுபடி தொழிலைத் தொடங்க முடிந்தது. முகநூல் பக்கத்தை மட்டும் நம்பியிருப்பவரிடம் அந்தப் பேரேடு இல்லை. அது நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

இணையத்திலும் இப்படி நடந்திருக்கிறது. ஃபிரெண்ட்ஸ்டர் நினைவிருக்கிறதா? முகநூல் வருவதற்கு முன் நம் பிள்ளைகள் பொழுதெல்லாம் அதில்தான் கிடந்தார்கள். 2009 கடைசியில் நம் நாட்டு எம்ஓஎல் நிறுவனம் அதை வாங்கியது. 2011-இல் அதை விளையாட்டுத் தளமாக மாற்றியபோது, பயனர்கள் ஏற்றி வைத்திருந்த படங்கள், வலைப்பதிவுகள், செய்திகள் எல்லாம் நீக்கப்பட்டன. கூகுள் நடத்திய சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. முகநூல் மூடப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க் ஓர் அறிவிப்புச் செய்தார்: வணிகப் பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை. பல வருடம் பாடுபட்டு ஆள் சேர்த்த பக்கங்களின் பதிவுகள் அதன்பிறகு சேர்த்த ஆட்களுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒரே நேரத்தில் எல்லா ஊடகத்திலும் கணக்குத் திறக்காதீர்கள் என்று என்னிடம் கேட்பவர்களிடம் சொல்வேன். உங்கள் வாடிக்கையாளர் ஏற்கெனவே எதில் இருக்கிறாரோ அதில் ஒன்றை எடுங்கள். கறித்தூள் வாங்குபவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவிகள். எனக்கு வாட்ஸ்அப் எனும் புலனமும் முகநூலும் போதும். என் தோழி ரவிக்கையில் ஆரி வேலை செய்கிறாள். அவளுக்கு இன்ஸ்டாகிராம்தான் சரி. அதில் ஒரு சிக்கல் உண்டு. படத்தின் கீழே எழுதும் வரிகளில் இணைப்பை ஒட்டினால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தொட்டால் திறக்காது. சுயவிவரத்தில் இணைப்பு வைக்கலாம், 2023 முதல் ஐந்து இணைப்புகள் வரை வைக்கலாம். ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம். இது தெரியாமல் எத்தனையோ பேர் படத்துக்குக் கீழேயே முகவரியை எழுதி வைத்துவிட்டு, ஆள் வரவில்லையே என்று காத்துக் கிடக்கிறார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இணைப்பிலேயே இன்னொரு தொல்லை இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் இருக்கும் எந்த வழிகாட்டியிலும் நான் இதைப் பார்த்ததில்லை. வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸில் தமிழில் தலைப்பு வைத்தால் அதையே முகவரியாக எடுத்துக்கொள்ளும். உலாவியில் நம் கண்ணுக்கு அழகாகத் தமிழில் தெரியும். அதை நகலெடுத்துப் புலனத்தில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகப் பெருகிவிடும். காரணம் இதுதான்: யூனிகோடில் எழுதிய தமிழ் இணையத்தில் போகும்போது ஒவ்வொரு குறியும் கணினிக் கணக்கில் மூன்று அலகு, அதாவது மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது, முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிகிறது. ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று தனித்தனிக் குறியாகக் கணக்கிட்டால், 'மீன்' என்ற ஒரு சொல்லே 36 எழுத்தாகிவிடும். முழுத் தலைப்பும் சேர்ந்தால் கைப்பேசித் திரையில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

மோசடி இணைப்பைத் தொட்டுச் சேமிப்பை இழந்தவர்களின் செய்தி உங்கள் நாளிதழிலேயே அடிக்கடி வருகிறது. 997 என்ற அழைப்பு எண்ணே மோசடிக்கு ஆளானவர்கள் புகார் செய்யத்தான் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் இந்த மாதிரி ஒரு நீளமான கோர்வையை யார் நம்பித் தொடுவார்கள்? எங்கள் தாமான் குடியிருப்பில் உள்ள அக்கா ஒருவர், "தங்கச்சி, உன் பேர்ல யாரோ என்னமோ அனுப்புறாங்க, பார்த்துக்கோ" என்று பதறிப்போய்ப் போன் செய்தார். வந்தது என் வலைப்பூவின் சமையல் குறிப்பு.

இதற்கு வழி சுலபம். பதிவை வெளியிடும் முன்பே முகவரிப் பகுதியை ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கிவிட வேண்டும். இன்னொரு வலைப்பூச் சேவையான பிளாகரில் வேறு விதம். அது தமிழ்த் தலைப்பை முகவரியில் சேர்க்காமல் 'பிளாக் போஸ்ட்' என்று பொதுப்படையாக ஒரு பெயரை வைத்துவிடும். அதையும் நாமே மாற்றி எழுதிக்கொள்ளலாம். வெளியிட்ட பிறகு மாற்றப்போனால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பு திறக்காமல் போகக்கூடும், ஆகவே முன்கூட்டியே செய்வதுதான் நல்லது.

இணைப்போடு சேர்ந்து ஒரு படமும் தலைப்பும் பெட்டியாக வருமே, அதுவும் தானாக நடப்பதல்ல. தளத்தின் உள்ளே 'ஓபன் கிராஃப்' என்ற குறிப்புகளை வைக்க வேண்டும். வேர்ட்பிரஸில் அதற்கு இலவச நீட்சிகள் (பிளக்இன்) கிடைக்கின்றன. படம் 1200-க்கு 630 பிக்சல் அளவில் இருந்தால் முகநூலில் வெட்டுப்படாமல் முழுதாகத் தெரியும். தலைப்பின் முக்கியச் சொல் முதலிலேயே வர வேண்டும், கடைசிச் சொற்கள் பெட்டியில் மறைந்துபோகும். படத்தை மாற்றியும் முகநூலில் பழைய படமே வந்தால், அவர்களுடைய 'ஷேரிங் டிபக்கர்' பக்கத்தில் முகவரியைக் கொடுத்துப் புதுப்பிக்கலாம். படம் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். வெள்ளைத் திரை கட்டி எடுத்த தூள் பொட்டலத்துக்கு வராத ஆள், வெண்டிக்காய் போட்டு எண்ணெய் மிதக்கும் மீன் கறிச் சட்டிக்கு வருகிறார்கள்.

அடுத்தது கணக்குப் பார்ப்பது. கடையில் கல்லாவை எண்ணாமல் யாரும் கதவடைப்பதில்லை. இணையத்தில் மட்டும் விருப்பக்குறியை எண்ணிவிட்டுப் படுத்துவிடுகிறோம். தளத்துக்கு வருபவர்களை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசம். ஆனால் புலனத்திலிருந்து வருபவர்களை அது பெரும்பாலும் 'நேரடி வருகை' என்றுதான் காட்டும். எங்கிருந்து வந்தார்கள் என்ற தகவலைப் புலனம் அனுப்புவதில்லை. அதனால் பகிர்கிற இணைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'யுடிஎம்' என்ற அடையாளத்தைச் சேர்க்க வேண்டும். புலனத்துக்கு ஓர் அடையாளம், முகநூலுக்கு வேறோர் அடையாளம். அப்படிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. முகநூலில் விருப்பக்குறி குவிகிறது. தூள் வாங்க வருகிறவர்கள் அதிகமும் புலனத்திலிருந்து வருகிறார்கள். இப்போது என் நேரத்தை நான் செலவிடுவது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

புலனத்தைப் பற்றி இன்னொன்று. குழு தொடங்கினால் காலை வணக்கப் பூப்படங்களுக்கு நடுவே நம் குறிப்பு காணாமல் போய்விடும். 'புரோட்காஸ்ட்' பட்டியல்தான் வசதி. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும். அதனால் என் பொட்டலங்களின் பின்புறம் ஒரு வரி அச்சிட்டிருக்கிறேன்: 'இந்த எண்ணைச் சேமித்து, சம்மதம் என்று அனுப்புங்கள், வாரம் ஒரு சமையல் குறிப்பு வரும்.' சம்மதம் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. திருமண வீட்டு மொய் நோட்டிலிருந்தும் கோயில் நன்கொடைப் பட்டியலிலிருந்தும் எண்களை எடுத்து விளம்பரம் அனுப்புவது தவறு.

காசு கொடுத்து விளம்பரம் செய்வதற்கு நான் எதிரியில்லை. ஆனால் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தும் முன், அந்தத் தொகையோடு 8 விழுக்காடு சேவை வரியும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். விளம்பரத்தைத் தொட்டவர் போய்ச் சேரும் பக்கத்தில் விலையும், அனுப்பும் கூலியும், 'வாங்க' என்ற பொத்தானும் தயாராக இருக்க வேண்டும். அது இல்லாமல் போட்ட வெள்ளி திரும்பாது.

பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி பலகாரம் செய்து விற்கிறாள். ஒரு வகுப்பில் கட்டணமும் வாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்களை வாங்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த நாட்டவர் என்றே தெரியாத பெயர்கள். தீபாவளிக்கு முறுக்கு கேட்டு அவர்களில் ஒருவரும் வரவில்லை. எவரும் தொடாத பதிவை ஊடகமும் முன்னே காட்டாது. ஆக, அவளுடைய உண்மையான வாடிக்கையாளர்களுக்கும் பதிவு போய்ச் சேர்வது குறைந்துவிட்டது. தையல் கூலியிலும் பலகாரக் காசிலும் மிச்சம் பிடித்த பணத்தை இப்படிப் பிடுங்குவது பெரிய அநியாயம்.

மொழியையும் யோசிக்க வேண்டும். தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாத நம் பிள்ளைகள் ஏராளம். மலாய், சீன நண்பர்களும் கறித்தூள் வாங்குகிறார்கள். நான் காணொளியில் தமிழில் பேசி, கீழே மலாயில் இரண்டு வரி எழுதுகிறேன். வலைப்பூவில் மட்டும் முழுக்கத் தமிழ்தான். நம் நாட்டு முத்து நெடுமாறன் செல்லினம் என்ற தட்டச்சுச் செயலியை உருவாக்கிக் கைப்பேசியிலேயே தமிழில் எழுத வழி செய்து தந்திருக்கிறார். பிறகும் நாம் எழுதாமல் இருந்தால் தேடுபவர்களுக்குத் தமிழில் என்ன கிடைக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் நாளிதழில் வாரம் ஒருமுறை அரைப் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். ஒரு வாரம் இணைப்பைச் சுருக்குவது, ஒரு வாரம் படம், ஒரு வாரம் யுடிஎம் அடையாளம் என்று கைப்பேசித் திரையைப் பிடித்த படங்களோடு படிப்படியாகப் போடுங்கள். தொழிலில் இருக்கும் பெண்களையே எழுதச் சொல்லுங்கள். என்னிடம் உள்ள குறிப்புகளைக் கட்டணம் இல்லாமல் தருகிறேன். ஞாயிறு பதிப்பில் வந்தால் வசதி. வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றுதான் நாளிதழைக் கையில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் செய்து பார்க்க நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
மசாலாத்தூள் விற்கும் வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு