ஒளி-ஒலிச் சிற்பம்: வயரிங்குக்கு முன் படிக்கவும்

ஆள் நிற்கும் தூரத்துக்கேற்ப சுருதி மாறும் சிற்பம் இது. டபிள்யூஎஸ் 2812பி ஸ்ட்ரிப்பில் (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனியே மாற்றக்கூடிய பட்டை) ஒரு எல்இடி முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 300 என்றால் 18 ஆம்பியர். ஒரு முனையில் மட்டும் 5 வோல்ட் கொடுத்தால் வால்பகுதி மஞ்சளடித்துச் சிவக்கும். இரு முனையிலும் கொடுங்கள். டேட்டா வயரில் (விளக்குகளுக்குக் கட்டளை போகும் வயர்) 330 ஓம் ரெசிஸ்டர். கிரவுண்ட் (மைனஸ் வயர்) எல்லாவற்றுக்கும் பொது. இதை விட்டால் விளக்குகள் பேய் பிடித்த மாதிரி மின்னும்.

ஆள் வருவதை அறிய பிஐஆர் சென்சார் (உடல் வெப்பத்தை உணர்வது) வேண்டாம். அது அசைவைத்தான் பார்க்கும்; ஆள் நின்று ரசித்தால் சிற்பம் தூங்கிவிடும் (அவர் நிற்கத்தானே இத்தனையும்!). அல்ட்ராசோனிக் சென்சார் போடுங்கள்; அது ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்துத் தூரம் அளக்கும். ஆனால் நான்கு சென்சார் போட்டு நான்கையும் ஒன்றாக இயக்கினால் ஒன்றின் எதிரொலியை இன்னொன்று பிடிக்கும். 60 மில்லிவினாடி விட்டு ஒவ்வொன்றாக. கம்பளி உடுப்பு எதிரொலியை விழுங்கும், தூரம் தாவும், சுருதியும் துள்ளும். கடைசி 5 அளவுகளில் நடுமதிப்பை எடுங்கள்.