ஐ.பி. பார்மசியின் பொறுப்பை ஏற்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். வருகிற மாதம் முதல் உங்கள் மருத்துவமனையின் ஐ.பி. பார்மசிக்கு, அதாவது உள்நோயாளிகளுக்கான மருந்தகத்துக்கு, பகல் நேரப் பொறுப்பாளராக உன்னை நியமித்திருக்கிறார்கள் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. நாமக்கல் பக்கம் பார்ம்.டி. என்ற மருந்தியல் பட்டம் முடித்துவிட்டுப் பெங்களூருக்கு வரும் நம் பிள்ளைகள் பலர் அந்தப் பொறுப்புக்கு வரும்போது கேட்கும் கேள்வியையே நீயும் கேட்டிருக்கிறாய்: காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் எதை முதலில் எடுப்பது? மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

வார்டிலிருந்து வரும் இண்டென்ட், அதாவது மருந்து கேட்புச் சீட்டு, வந்த வரிசையில் மருந்தை எடுக்காதே. அந்த மருந்து நோயாளியின் உடலுக்குள் எப்போது போக வேண்டுமோ, அந்த நேரத்தின் வரிசையில் எடு. என் பதில் இவ்வளவுதான். ஆனால் இதை நடைமுறைக்குக் கொண்டுவர மேசை, ஆட்கள், தொலைபேசி, பில்லிங் ஆகிய எல்லாவற்றையும் கொஞ்சம் இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

காலையில் என்ன நடக்கிறது என்று பார். மருத்துவர்கள் ஒன்பது மணி வாக்கில் ரவுண்ட்ஸ் தொடங்குகிறார்கள். அது முடிந்ததும் எல்லா வார்டுகளின் இண்டென்டுகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து குவிகின்றன. அதே ரவுண்ட்ஸில் எழுதப்பட்ட டிஸ்சார்ஜ்களும் உடன் வருகின்றன. அறுவை அரங்கின் தேவை, ஐ.சி.யூ.வின் ஸ்டாட் மருந்து (உடனே கொடுக்க வேண்டியது), இரண்டு மணி டோஸ் எல்லாம் அதே கூடையில் விழுகின்றன. இவற்றில் மிக அதிகமாகக் குரல் எழுப்புவது டிஸ்சார்ஜ்தான். கிருஷ்ணகிரியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்த குடும்பம் பையைக் கட்டி வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று கவுன்டரில் நிற்கும். அவசரப் பிரிவில் இன்னொருவர் அந்தப் படுக்கைக்காகக் காத்திருப்பார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ரொக்கமில்லாச் சிகிச்சையில் இறுதி ஒப்புதலைக் காப்பீட்டு நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதனால் பில்லிங் பிரிவும் உன் தலையில் நெருக்கடியை ஏற்றும்.

அதே நேரத்தில் ஐ.சி.யூ.வில் தொற்று உடல் முழுவதையும் தாக்கி, இரத்த அழுத்தம் சரிந்து கிடக்கும் ஒரு செப்சிஸ் நோயாளிக்கு முதல் ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். இப்படி இரத்த அழுத்தம் சரிந்த செப்டிக் ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் அது ஏற வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த நோயாளிக்காக உன் கவுன்டரில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்ற நிலையை ஐ.பி. பார்மசியில் நாம் அனுமதிக்கக் கூடாது. ஆகவே ஸ்டாட் மருந்துகளுக்கும், புதிதாக எழுதப்பட்ட மருந்தின் முதல் டோஸுக்கும் தனித் தட்டும் தனி ஆளும் வேண்டும். பகல் ஷிஃப்டில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள் என்றாலும், அந்த நான்கு மணி நேரத்துக்கு ஒருவரை டிஸ்சார்ஜுக்கும் ரிட்டர்னுக்கும் மட்டும் ஒதுக்கிவிடு. மற்ற மூவரை அந்தப் பக்கம் திரும்பவே விடாதே. ஒருவருக்குக் கை ஓய்ந்து மற்றவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் நேரமும் வரும். அப்போதும் நீ சொல்லாமல் யாரும் மேசை மாறக் கூடாது.

டிஸ்சார்ஜ் தாமதத்துக்கு மருந்து எடுக்கும் நேரத்தைவிட ரிட்டர்ன்தான் பெரிய காரணம் என்பதை நீயே பார்த்திருப்பாய். நோயாளியின் பெயரில் பில் போட்டு, பயன்படுத்தாமல் மிஞ்சிய ஒவ்வொரு மாத்திரையும் ஊசியும் திரும்பி வந்து, பார்மசி சரிபார்த்த பிறகே இறுதி பில் தயாராகும். இந்த வேலையைக் கடைசி நாள் மதியத்துக்கு வைக்காதே. மறுநாள் வீட்டுக்குப் போகக்கூடியவர்களின் பட்டியலை முந்தைய மாலையே வார்டு சிஸ்டரிடம் கேட்டு வாங்கி, நிறுத்தப்பட்ட மருந்துகளை அன்று மாலையே திரும்ப வாங்கிவிட்டால், காலையில் மிஞ்சுவது அந்த ஒரு வேளை மருந்து மட்டும்தான்.

ரிட்டர்ன் மேசையில் உட்காருபவருக்கு ஸ்ட்ரிப் வெட்டும் முறையையும் கற்றுக்கொடு. நம் நாட்டில் பல ஸ்ட்ரிப்களில் பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரி தேதியும் ஒரே ஓரத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. மூன்று மாத்திரை கேட்டார்கள் என்று அவசரத்தில் அந்த ஓரத்திலிருந்து வெட்டிக் கொடுத்துவிட்டால், அலமாரியில் மீதியிருக்கும் ஏழு மாத்திரைகள் எந்த பேட்ச், எப்போது காலாவதி என்பது யாருக்கும் தெரியாது. எதிர் முனையிலிருந்து வெட்ட வேண்டும். கொடுக்கும் துண்டை, பெயரும் பேட்ச்சும் எக்ஸ்பைரியும் எழுதிய சிறு உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டு நாளை ரிட்டர்னாக வரும்போதும் அந்த உறைதான் அதற்கு அடையாளம். பேட்ச்சுக்கு பேட்ச் எம்.ஆர்.பி. மாறும் என்பதால், பில்லில் ஒரு பேட்ச்சும் கையில் இன்னொரு பேட்ச்சுமாகப் போனால், திரும்பி வரும் அன்று கணக்குத் தீராது. குடும்பம் கவுன்டரில் நின்றுகொண்டே இருக்கும். ஃபிரிட்ஜில் இருந்து போன மருந்து ரிட்டர்னாக வந்தால், இடையில் அது 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில்தான் இருந்தது என்பதற்குச் சான்று இல்லாதபோது, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் மீண்டும் அலமாரிக்குள் சேர்க்காதே. இதில் நிர்வாகத்தோடு வாதம் வரும். பின்வாங்காதே.

அடுத்தது சரிபார்ப்பு. மருந்தை எடுத்தவரே அதைச் சரிபார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. எடுப்பவர் வேறு, பார்ப்பவர் வேறு என்று வைத்துக்கொள். பார்ப்பவரின் மேசையில் தொலைபேசி இருக்கக் கூடாது. “மருந்து கிளம்பிவிட்டதா?” என்று வார்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு வேறொருவர் பதில் சொல்லட்டும். இதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு உன் அலமாரியிலிருந்தே சான்று காட்டுகிறேன். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், 5 மில்லி வயாலில் (சிறு ஊசிமருந்துக் குப்பியில்) 5,000 யூனிட் கொண்டதும் வருகிறது, 25,000 யூனிட் கொண்டதும் வருகிறது. இரண்டுக்கும் உயரம் ஒன்று, பருமன் ஒன்று, உள்ளே இருக்கும் நீரின் நிறமும் ஒன்று. லேபிளில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்தான் வேறு. அதைத் தவறவிட்டால் ஐந்து மடங்கு. இன்சுலினில் மில்லிக்கு 40 யூனிட் வயாலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சும், 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் உரியவை. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்து என்ற கோடு வரை உறிஞ்சினால் உடலுக்குள் போவது 25 யூனிட். எனவே இன்சுலின் வயாலையும் அதற்குரிய சிரிஞ்சையும் சேர்த்தே அனுப்பும் வழக்கத்தை உன் பார்மசியில் ஏற்படுத்து.

பொட்டாசியம் குளோரைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 10 மில்லி ஆம்பியூலில் 15 சதவீதச் செறிவில், 20 மில்லிஈக்விவலன்ட் (mEq) அளவில் வரும் அது, தோற்றத்தில் பக்கத்தில் இருக்கும் ஸ்டெரைல் வாட்டர் ஆம்பியூலைப் போலவே இருக்கும். நீர்க்காமல் நேராக இரத்தக் குழாயில் ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. அதைச் சாதாரண வார்டுகளின் இருப்பிலிருந்து முற்றிலும் எடுத்துவிட்டு, பார்மசியில் பூட்டிய பெட்டியில் வைத்து, நோயாளியின் பெயருக்கு மட்டுமே கொடு. “இரவில் அவசரம் என்றால் என்ன செய்வது” என்று சிஸ்டர்கள் கேட்பார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. அதற்கு விடை பத்து நிமிடத்தில் மருந்தை எடுத்துச் செல்லும் ஓர் ஆளை இரவிலும் வைத்திருப்பதுதான். அந்த ஆளை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவது உன் பொறுப்பு.

குழந்தைகள் வார்டுக்கு, இரத்தக் குழாயில் ஏற்றும் 100 மில்லி பாரசிட்டமால் பாட்டிலை அப்படியே அனுப்பாதே. அதில் மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 75 மில்லிகிராம் என்று எழுதினால் ஏற்ற வேண்டியது 7.5 மில்லி. மில்லிகிராமை மில்லி என்று படித்துவிட்டால் அது பத்து மடங்காகிறது, பாட்டிலிலும் அதற்குப் போதுமான மருந்து இருக்கிறது. தேவையான அளவை மட்டும் சிரிஞ்சில் எடுத்து, மில்லிகிராம், மில்லி இரண்டையும் லேபிளில் எழுதி அனுப்பும் வசதியை, குழந்தைகள் நல மருத்துவரோடு பேசி உருவாக்கிக்கொள்.

பெங்களூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வார்டில் சிஸ்டர் கேரளத்துக்காரராக இருப்பார், மருந்து வாங்க வரும் வார்டு பாய் வட கர்நாடகத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருப்பார், உன் மேசையில் கன்னடமும் தமிழும் ஹிந்தியும் கலந்து ஓடும். நேரில் பேசும்போது இது நம் ஊரின் அழகு; தொலைபேசியில் டோஸ் சொல்லும்போது இது ஆபத்து. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்ற இரண்டும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும். செஃபோடாக்சிம், செஃப்டாசிடிம் என்ற இரு ஆன்டிபயாட்டிக் பெயர்களும் அப்படித்தான். வாய்வழியாக மருந்து கேட்பதை உண்மையான அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள். அப்போதும் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, ஒன்று, ஐந்து என்று திருப்பிச் சொல்லி ஆமாம் வாங்கு. இண்டென்ட் பின்னால் கணினியில் ஏறியதா என்பதையும் அதே ஷிஃப்டில் பார்த்துவிடு.

பதிவேடுகளைப் பற்றி உனக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அட்டவணை எச்1 மருந்துகளின் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும் என்பதும், மார்ஃபின், ஃபென்டனில் போன்ற போதை தரும் வலிநிவாரணிகளின் இருப்பு ஒவ்வொரு ஆம்பியூலுக்கும் கணக்குக் காட்ட வேண்டியது என்பதும் நீ அறிந்தவையே. கொடுக்கும்போதே எழுதச் சொல், ஷிஃப்ட் முடிவில் நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்ட்ஓவரில், சாவியையும் பணத்தையும் ஒப்படைப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள்: இன்னும் போய்ச் சேராத முதல் டோஸ் எது, இருப்பில் இல்லாமல் மருத்துவரின் மாற்று ஒப்புதலுக்குக் காத்திருப்பது எது, எந்த வார்டின் கிராஷ் கார்ட் (உயிர்காக்கும் அவசர மருந்து வண்டி) முத்திரை உடைந்து இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது. யுகாதி, ஆயுத பூஜை போன்ற நாட்களில் மொத்த விற்பனையாளர்கள் கடை அடைத்துவிடுவார்கள் என்பதால், அதற்கு இரண்டு நாள் முன்பே ஐ.சி.யூ. மருந்துகளின் இருப்பை எண்ணிவிடு. மழை நாளில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் மாட்டிக்கொண்ட வண்டியை நம்பி, சரியும் இரத்த அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலினை வைத்திருக்க முடியாது.

உங்கள் வார்டுகளின் டோஸ் நேரங்களையும், பகல் ஷிஃப்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும், பார்மசியின் தரை அமைப்பைக் கையால் வரைந்த ஒரு படத்தையும் எனக்கு அனுப்பு. டிஸ்சார்ஜ் மேசையை எந்தச் சுவர்ப் பக்கம் போட்டால் சரிபார்க்கும் மேசைக்கு இரைச்சல் எட்டாது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா