அந்த நாள் சனிக்கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு,

2015 ஏப்ரல் 25, பகல் 11.56 மணி. நிலநடுக்கத்தில் நேபாளம் குலுங்கியபோது பள்ளிகளில் பிள்ளைகள் இல்லை. அங்கே சனிக்கிழமைதான் வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள், பெரும்பாலும் கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டியவை, காலி பெஞ்சுகளின் மேல் சரிந்தன. மறுநாளாக இருந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

அதேசமயம், ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு முன்கூட்டியே வலுப்படுத்தியிருந்த காத்மாண்டு பள்ளத்தாக்குப் பள்ளிகள் தாங்கி நின்றன. அப்புறம் ஜப்பானும் இந்தியாவும் பல பள்ளிகளை மீண்டும் கட்டிக்கொடுத்தன. நம் ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்ப வழிகாட்டுதல் தந்தது. நல்ல காரியம்.

ஆனால் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளனாக எனக்கு ஒரு கவலை. திறப்பு விழாவோடு உதவி முடிந்துவிடக் கூடாது. கூரை ஒழுகினால், கழிப்பறைக் குழாய் உடைந்தால் தலைமை ஆசிரியர் யாரிடம் போவார்? மலைக்கிராமத்துக்கு ஒரு மூட்டை சிமெண்ட் ஏற்றுவதே பெரும்பாடு. எனவே கட்டுமானத் தொகையோடு சேர்த்து, பத்து ஆண்டுப் பராமரிப்புக்கும் ஒப்பந்தத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும். உள்ளூர்க் கொத்தனாருக்குப் பயிற்சியும் தர வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி