நிரலைப் படிக்காமலே நிராகரிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கல்லூரிகளில் வேலைக்கு ஆளெடுக்கும் வளாகத் தேர்வுகள் நடைபெற்றுவரும் இவ்வேளையில், மென்பொருள் நிறுவனங்கள் முதல் சுற்றாக வைக்கும் தானியங்கி கோடிங் தேர்வு குறித்து, தனியார் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். இத்தேர்வையே ஒழித்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. மாணவர் எழுதிய நிரலை (கணினி புரோகிராமை) ஒருவர்கூடப் படித்துப் பார்க்காமல், இயந்திரம் இட்ட மதிப்பெண்ணை மட்டும் வைத்து அவரை வெளியேற்றும் வழக்கம் மாற வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது.

இத்தேர்வுகளால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. பெயர்பெற்ற சில கல்லூரிகளுக்கு மட்டுமே நேரில் வந்து ஆளெடுத்த நிறுவனங்களின் கதவுகள், இணையவழித் தேர்வு வந்த பிறகுதான் சிற்றூர்க் கல்லூரி மாணவர்களுக்கும் திறந்தன. டி.சி.எஸ். நிறுவனம் 2018-இல் தொடங்கிய தேசியத் தகுதித் தேர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்று உலகெங்கும் கோடிங் தேர்வு நடத்தும் ஹேக்கர்ரேங்க் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரும் திருச்சி என்.ஐ.டி.யில் படித்தவர்கள் என்பதில் எனக்குத் தனிப்பட்ட பெருமையும் உண்டு.

ஆனால், இந்தத் தேர்வு எப்படி மதிப்பெண் போடுகிறது என்பதைப் பெற்றோர் பலரும் அறிந்திருக்க மாட்டார்கள். மாணவர் எழுதிய நிரலுக்கு, அவர் கண்ணில் காட்டப்படாத சில உள்ளீடுகளை (இன்புட்) கணினி கொடுக்கிறது. வெளிவரும் விடையைத் தன்னிடம் உள்ள விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. குறித்த நொடிகளுக்குள் விடை வந்து, அது அப்படியே பொருந்தினால் மட்டுமே மதிப்பெண். எங்கள் மாணவி ஒருவர் எழுதிய நிரலை, தேர்வு முடிந்த மறுநாள் ஆய்வகத்தில் மீண்டும் எழுதச் சொல்லி ஓட்டிப் பார்த்தேன். தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால், உள்ளீட்டை வாங்கும் முன் ‘என்டர் தி வேல்யூ’ என்று திரையில் ஒரு வரி அச்சாகும்படி எழுதியிருந்தார். ஆய்வகப் பயிற்சிகளில் முதலாண்டிலிருந்தே அப்படி எழுதித்தான் மாணவர்களுக்குப் பழக்கம். ரெக்கார்டு நோட்டிலும் அதுவே முறை. தேர்வு இயந்திரத்துக்கோ அந்த ஒரு வரியும் விடையின் பகுதி. ஆகவே எல்லா உள்ளீடுகளிலும் விடை தவறு, மதிப்பெண் பூஜ்யம். விவரமறிந்த ஒருவர் அரை நிமிடம் அந்த நிரலைப் பார்த்திருந்தால் போதும், அம்மாணவிக்கு நிரல் எழுதத் தெரியும் என்பது விளங்கியிருக்கும். ஏன் தேர்வாகவில்லை என்று இன்றுவரை அந்த நிறுவனம் அவருக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கேட்டால் நிரலையே எழுதித் தரும் சாட்ஜிபிடி 2022-இன் இறுதியில் வந்த பிறகு, முறைகேடு குறித்த நிறுவனங்களின் அச்சம் நியாயமாகவே கூடியிருக்கிறது. அதற்கு மருந்தாகக் கேமரா வழிக் கண்காணிப்பை இறுக்கிக்கொண்டே போவதுதான் கவலை தருகிறது. தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கக் குனிந்தால் எச்சரிக்கை வருகிறது; ஒற்றை அறை வீட்டில் தம்பி தங்கையின் குரல் கேட்டாலும் வருகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் இணைந்து 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 48 மாணவர்கள் பங்கேற்றனர். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நிரல் எழுதியவர்களின் செயல்திறன், தனியறையில் எழுதியவர்களோடு ஒப்பிட, பாதிக்கும் மேல் குறைந்தது. பார்வையாளர் முன் எழுதிய பெண்களில் ஒருவர்கூட வெற்றி பெறவில்லை; தனியே எழுதிய பெண்கள் அனைவரும் வெற்றி பெற்றனர். சிறிய ஆய்வுதான், அதுவும் கேமராவைப் பற்றியது அல்ல. என்றாலும், யாரோ உற்றுப் பார்க்கிறார்கள் என்ற பதற்றத்தையும் சேர்த்தே நாம் அளந்துகொண்டிருக்கிறோமோ என்ற ஐயத்தை அது வலுவாக எழுப்புகிறது.

வேலைக்குச் சேர்ந்த என் பழைய மாணவர்கள் அன்றாடம் செய்வது என்ன? வேறொருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்வது, எங்கோ ஒளிந்திருக்கும் பிழையைத் தேடிப் பிடிப்பது, வாடிக்கையாளர் கேட்டது இதுதானா என்று உறுதிசெய்துகொள்வது. இவற்றில் ஒன்றையும் இத்தேர்வு கேட்பதில்லை. பிழையுள்ள ஐம்பது வரி நிரலைக் கொடுத்துத் திருத்தச் சொல்வது அப்படியொன்றும் அரிய காரியம் அல்லவே! அதை விட்டுவிட்டு, வரிசைப்படுத்தல், ‘மரம்’ (ட்ரீ), ‘வரைபடம்’ (கிராஃப்) எனப்படும் தரவு அமைப்புகள் என்று குறிப்பிட்ட வகைப் புதிர்களையே திரும்பத் திரும்பக் கேட்பதால், மூன்றாம் ஆண்டு முழுவதையும் அவற்றின் விடைகளை மனப்பாடம் செய்வதிலேயே மாணவர்கள் கழிக்கிறார்கள். பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் முந்திக்கொள்கிறார்கள், முடியாதவர்கள் பின்தங்குகிறார்கள்.

ஆயிரக்கணக்கானோரின் நிரல்களை எல்லாம் ஆள் வைத்துப் படிக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆனால், கட் ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்றவர்களின் நிரலையும், முழுமையாக எழுதியும் பூஜ்யம் வாங்கியவர்களின் நிரலையும் மட்டுமாவது நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் படிக்கலாம். எத்தனை உள்ளீடுகளில் விடை சரி, எங்கே நேரம் போதவில்லை என்ற விவரத்தை மாணவருக்குத் தெரிவிக்க, ஒரு மின்னஞ்சலுக்கு மேல் செலவு ஆகாது. மின்வெட்டாலோ இணையம் அறுந்ததாலோ தேர்வு நின்றவர்களுக்கு மறுவாய்ப்பு தரப்பட வேண்டும். ஆளெடுப்பில் பயன்படும் செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை அதிக ஆபத்துள்ளவை என வகைப்படுத்தி, அவற்றின் மீது மனிதக் கண்காணிப்பு இருந்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமே இயற்றியிருக்கிறது.

இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வளாகத் தேர்வுக்கு நிறுவனங்களை அழைக்கும் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்கள், அழைப்புக் கடிதத்திலேயே இவற்றை நிபந்தனையாக வைக்கலாம். தனியொரு கல்லூரி கேட்டால் நிறுவனங்கள் அடுத்த கல்லூரியை நாடிப் போய்விடும் என்பதால், அண்ணா பல்கலைக்கழகமும், 2022 முதல் நான் முதல்வன் திட்டத்தை நடத்திவரும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் முன்னின்று, எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் நெறிமுறை ஒன்றை அடுத்த வளாகத் தேர்வுப் பருவத்துக்குள் வகுத்துத் தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் துறை ஆசிரியர்,
விருதுநகர் மாவட்டம்.