ஆற்றுக்கும் ஒரு பங்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலில் கலக்கும் ஆற்று நீரை 'வீண்' என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. ஆற்றில் வாழும் உயிர்களுக்கும் அந்த நீர் வேண்டுமே. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையைப் பாருங்கள். மின்தேவைக்கு ஏற்ப நீரைக் கூட்டியும் குறைத்தும் திறந்ததால் அணைக்குக் கீழே ஆற்றின் மட்டம் ஏறி இறங்கியதில், கரையோரக் கற்களில் பூச்சிகள் இட்ட முட்டைகள் நீர் வடிந்ததும் காய்ந்துபோயின. பூச்சி இல்லையென்றால் மீனுக்கு இரை ஏது? ஆய்வாளர்கள் இதைக் கண்டு சொன்ன பிறகு, 2018 கோடையில் வார இறுதிகளில் நீரைத் தாழ்வாக, ஒரே சீராக விட்டுப் பார்த்தார்கள்; அப்போது இடும் முட்டைகள் பிறகும் நீருக்கடியிலேயே இருக்கும் அல்லவா. அந்த நாட்களில் மின்தேவையும் குறைவுதான்.

சரி, எல்லா ஆற்றுக்கும் இதே வழி பொருந்தாது. ஆனால் எவ்வளவு நீர், எப்போது என்று அட்டவணை போடும் இடத்தில், பொறியாளரோடு ஆற்றுயிர்களை அறிந்த ஒருவரும் கட்டாயம் உட்கார வேண்டும்.

- வாசகர் ஒருவர்