தார்ப்பாய் கட்டாத சாம்பல் லாரியை எங்க தெருவுல விடாதீங்க: அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

லாரிகளை செக் பண்ற, பர்மிட் கொடுக்குற பொறுப்புல இருக்குற எல்லா அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மேட்டூர் அனல்மின் நிலையத்துல இருந்து நிலக்கரி சாம்பல் எந்தெந்த ரோட்டுல போகுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜலகண்டாபுரம் பக்கம் எங்க தெரு வழியாவும் போகுது, தெருக்காரங்க சேர்ந்து கொடுத்த மனுவும் உங்ககிட்ட இருக்கு. கேக்குறது ஒண்ணே ஒண்ணுதாங்க, தார்ப்பாய் கட்டாத லாரியை ஊருக்குள்ள விடாதீங்க.

போன வாரம் நடந்ததை மட்டும் சொல்லிடறேன். எங்க மாமா வெண்பட்டு வேட்டி நெய்யுறவரு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தெருவுல பாவு, அதாவது துணில நீளவாக்குல ஓடுற நூலை நீட்டி, ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு இழை இழையா பிரிச்சு விட்டுட்டு இருந்தாங்க, வீட்டு ஆளுங்க மொத்தமும் அந்த வேலைலதான் நிக்கும். கஞ்சி ஈரமா இருக்குறப்பதான் அந்த லாரி வந்துச்சு, மேல ஒரு துணி கூட இல்ல, திருப்பத்துல இருக்குற ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்குன உடனே சாம்பல் குபுகுபுன்னு கிளம்பி பாவு நீளத்துக்கும் படிஞ்சிருச்சு. ஈர நூல்ல ஒட்டுன சாம்பலை தட்டவும் முடியாது, துடைக்கவும் முடியாது, அத்தை முந்தானைல ஒத்தி எடுக்கப் பாத்தாங்க, இன்னும் உள்ளதான் ஏறுச்சு. சரி போகட்டும்னு தறில ஏத்துனா, இழைங்களைப் பிரிச்சு வைக்குற சீப்பு மாதிரியான அச்சுல உரசி இழை அறுந்துக்கிட்டே இருக்கு, நெய்ஞ்ச வரைக்கும் வெள்ளைல சாம்பல் கோடு தெரியுது. நூல் முதலாளி கொடுத்தது, அவரு கூலிலதான் பிடிப்பாரு. லாரிக்காரருக்கு இங்க என்ன ஆச்சுன்னே தெரியாது, அவரு பாட்டுக்கு போயிட்டாரு.

சேலம் வெண்பட்டுக்கு புவிசார் குறியீடு கொடுத்திருக்கீங்க, சந்தோஷம்ங்க. அந்த வெள்ளை வெள்ளையா இருக்க வேண்டாமா?

கரண்ட் வேண்டாம்னு நாங்க சொல்லல. 1987ல இருந்து அங்க கரண்ட் எடுக்குறாங்க, 840 மெகாவாட்டோட இன்னொரு 600 மெகாவாட்டும் சேர்ந்துருச்சு, ஒடிசால தோண்டுற நிலக்கரி கப்பல்லயும் ரயில்லயும் இவ்வளவு தூரம் வருது. நம்ம நாட்டு நிலக்கரில சாம்பல் ஜாஸ்தி, நூறு டன் எரிச்சா 30, 40 டன் சாம்பல் மிஞ்சும், அதை எங்கயாவது கொண்டு போய்த்தான் ஆகணும். செங்கல்லாவும் சிமெண்ட்டாவும் ஆகுறது நல்லதுதான். ஆனா ஏத்துறது, இறக்குறது, கொண்டு போறது எதுலயும் காத்தும் தண்ணியும் கெடக் கூடாதுன்னு மத்திய அரசு 2021 டிசம்பர் 31ல போட்ட அறிவிப்புலயே இருக்கு. எழுதி வெச்ச விதியை நடைமுறைப்படுத்தத்தானே கேக்குறோம்?

டெல்டாவுக்கு தண்ணி இந்தப் பக்கத்துல இருந்துதான் போகுது, கரண்ட்டும் போகுது, அணைக்கட்டைப் பாக்க எங்கெங்கிருந்தோ வந்து போட்டோ எடுத்துட்டுப் போறாங்க, ரோட்டோரம் இருக்குற எங்க வீட்டுல குழந்தைங்க ராத்திரி இருமுறதை மட்டும் யாரும் வந்து பாக்குறதில்ல. ஹெல்மெட் போடலன்னா நிறுத்தி ஃபைன் போடறீங்க, அதே ரோட்டுல திறந்தபடி போற லாரி உங்க கண்ணுல படலையா? இதைக் கேக்குறப்ப கோவம் வரத்தாங்க செய்யுது.

கோவத்துல எழுதிட்டேன், மரியாதைக் குறைவா நினைக்காதீங்க. தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, சாம்பலை நனைச்சு ஏத்தி அனுப்பச் சொல்லுங்க. கட்டாத வண்டியை கிளம்புற இடத்துலயே நிறுத்துங்க, எங்க தெருவுக்கு வந்தப்புறம் நிறுத்தி பிரயோஜனம் இல்ல. அதோட காலைல பாவு நீட்டுற நேரம், அஞ்சு மணில இருந்து எட்டு மணி வரைக்கும், வண்டிங்களை பைபாஸ்ல திருப்பி விட முடியுமான்னு பாருங்க. ஒரு தடவை அந்த நேரத்துக்கு நேர்ல வாங்க, எங்க மாமா தறில இருக்குற வேட்டியையும் காட்டுறோம்.

இப்படிக்கு,
தறிக்காரங்க தெருவுல இருந்து ஒரு மருமக